தொட்டவர்களும் பட்டவர்களும்

1

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகனை அழைத்துக்கொண்டு ஒரு விஞ்ஞான மையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவந்து இறக்குகிற, குடும்பங்கள் புளிசாதப் பொட்டலத்தோடு வந்து புல்வெளியில் உட்காருகிற இடங்களில் அதுவும் ஒன்று. வாசலிலேயே 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள். 'தொடாதீர்கள்' என்ற பலகையோடு சேர்த்துத்தான் மியூசியம் என்ற சொல்லே என் ஞாபகத்தில் இருக்கிறது. ஆகவே அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பையனுக்கு ஒன்பது வயது. ஒரு பலகைமேல் ஏறி நின்று பளபளப்பான உலோகக் கோளத்தில் கையை வைத்தான். வான் டி கிராஃப் ஜெனரேட்டர். அவன் தலைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இறங்கி வந்ததும் "ஷாக்கே அடிக்கல மாமா" என்றான்.

"அடிக்காதுடா. அடிக்காத மாதிரிதான் செஞ்சு வச்சிருக்காங்க."

"அப்ப உள்ள கரண்ட் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதான் முடி நட்டுக்கிட்டு நிக்குதே."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. போன வருஷம் இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டவன். மணிக்கட்டுக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது சூடுன்னு தெரிஞ்சுச்சுல்ல?" என்றான்.

இந்தக் கேள்வியைத்தான் சில மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொட்டுப் பார், கேட்டுப் பார், செய்து பார் என்கிறோம். முயற்சி என்றாலே தமிழில் 'பார்' என்ற துணைவினை வந்து நின்றுகொள்கிறது. 'படு' என்ற வினை வேறு வகை. வெயில் படுகிறது, அடி படுகிறது, அவமானப்படுகிறோம், கஷ்டப்படுகிறோம். தொடுகிறவன் நான், எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளலாம். படும்போது என்மேல் ஏதோ வந்து இறங்குகிறது. அதை நிறுத்துவது என் கையில் இல்லை. பட்டறிவு என்ற சொல் இந்த இரண்டாவதிலிருந்து வந்தது. தொட்டறிவு என்று ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

என் பிழைப்பிலிருந்து ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த புதிதில், நல்ல நோட்டையும் கள்ள நோட்டையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். காந்தி படத்தின் மேல் மை சற்றே மேடாக இருக்கும் என்றார்கள். தடவினேன், மேடாகத்தான் இருந்தது. பாடம் முடிந்தது. அடுத்த மாதமே ஒரு ஐந்நூறு ரூபாய்க் கள்ள நோட்டை வாங்கிப் போட்டு, சாயங்காலம் கணக்கு முடிக்கையில் என் கைக்காசிலிருந்து கட்டினேன். அதற்குப் பிறகுதான் என் விரல் கற்றுக்கொண்டது. இன்றைக்கு எண்ணுகிற யந்திரம் பக்கத்திலேயே இருந்தாலும், நோட்டு தப்பு என்று யந்திரத்துக்கு முன்னால் என் விரல் சொல்லிவிடுகிறது. பயிற்சி வகுப்பில் தொட்டேன், கவுண்டரில் பட்டேன். இரண்டிலும் தோல் உணர்ந்த மேடு ஒன்றேதான்.

தொட்டுப் பார்க்கச் சொல்கிற மியூசியம் எவரையும் படவிடாது. விடவும் கூடாது, அது குழந்தைகளுக்கான இடம். முனைகளெல்லாம் மழுக்கப்பட்டிருக்கும், மின்சாரம் உயிருக்கு ஆபத்தில்லாத அளவில் இருக்கும், நெருப்பு கண்ணாடிக்குப் பின்னால் எரியும். அப்படியானால் அது தருவது என்ன? அதைவிடச் சங்கடமான கேள்வி: படாமல் தொடுவதில் இருக்கிற இந்தச் சந்தோஷம் களங்கமற்றதா?

2

பார்வையாளன் கையையும் சேர்த்துக்கொண்ட மியூசியங்கள் புதியவை அல்ல. ஆஸ்கர் ஃபான் மில்லர் 1903-ல் ம்யூனிக் நகரில் தொடங்கிய ஜெர்மன் மியூசியம், 1925-ல் இஸார் நதித் தீவிலுள்ள தன் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பொத்தானை அழுத்தினால் சுழலுகிற, பிடியைத் திருகினால் ஓடுகிற மாதிரிகள் அங்கே இருந்தன. லண்டன் விஞ்ஞான மியூசியத்தில் 1931-ல் குழந்தைகள் கூடம் வந்தது. 1937-ல் பாரிஸில் பௌதிக விஞ்ஞானி ழான் பெரன் 'கண்டுபிடிப்பின் மாளிகை'யை உருவாக்கினார். நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா மியூசியம் 1959-லும், பெங்களூரின் விஸ்வேஸ்வரய்யா மியூசியம் 1965-லும் திறந்தன. ஆனால் இந்த வகை மியூசியத்துக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது என்றால், அதைத் தன் வாழ்க்கையைக் கொடுத்து எழுதியவர் என்று நான் நினைப்பது ஃபிராங்க் ஓப்பன்ஹைமரை. 1969-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற இடத்தைத் திறந்தவர்.

அண்ணன் ராபர்ட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எட்டு வயது இளையவரான தம்பியும் பௌதிக விஞ்ஞானிதான். அவரும் லாஸ் அலமாஸில் வேலை செய்தார். 1945 ஜூலை 16 விடியற்காலை, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது, கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார். வெடித்ததும் இருவரும் சொல்லிக்கொண்டது 'வேலை செய்துவிட்டது' என்பது மாதிரி ஏதோ ஒன்று என்று பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் நினைவுகூர்ந்தார். ஹிரோஷிமா செய்தி வந்த கணத்தையும் அதில் சொல்கிறார். முதலில் வந்தது, நல்லவேளை, வெடிக்காமல் போய்விடவில்லை என்ற ஆசுவாசம். அறிவிப்பின் அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே, செத்துப்போன மனிதர்களைப் பற்றிய திகில்.

இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒரு வாக்கிய தூரத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் எதிர்வினை தொட்டவனுடையது: செய்து பார்த்தது பலித்துவிட்டது. இரண்டாவது, பட்டவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள் என்ற நினைவு. அந்த 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. இரண்டாவது எதிர்வினை ஏன் இரண்டாவதாக வந்தது என்று அவரை நோக்கிக் கேட்பது சுலபம். என் வங்கியில் ஒரு வீட்டுக் கடனுக்கு ஜப்தி நோட்டீஸ் தயார் செய்யும்போது, என் மனசிலும் முதலில் எழுவது கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற திருப்திதான். அந்த வீட்டில் இருக்கிற மனிதர்கள் பிறகுதான் வருகிறார்கள். சில நாட்களில் வருவதேயில்லை.

யுத்தத்துக்குப் பிறகு அவர் மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1937-லிருந்து சில வருஷங்கள் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் அவர். 1947-ல் ஒரு பத்திரிகை அதை வெளியிட்டபோது, இல்லை என்று மறுத்துவிட்டார். 1949 ஜூன் மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால் நின்றபோது, ஆமாம், இருந்தேன் என்று சொன்னார். கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். முந்தியது பொய். பிந்தியது உண்மையும் தைரியமும். பல்கலைக்கழகம் அவருடைய ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டது. வேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவும் திறக்கவில்லை. அப்பா வழியில் வந்த ஒரு வான்கோ ஓவியத்தை விற்று, கொலராடோ மலைப் பக்கத்தில் பகோஸா ஸ்ப்ரிங்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே பண்ணை வாங்கி, மனைவியோடு மாடு வளர்த்தார். பத்து வருஷம் போல அதுதான் வாழ்க்கை.

1957-ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். சாதனங்களுக்குப் பஞ்சம். பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், தூக்கிப் போட்ட கார்களின் பாகங்களிலிருந்தும் பழைய வீட்டு யந்திரங்களிலிருந்தும் விசையையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கற்றுக்கொடுத்தார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 1965-ல் ஒரு நல்கையில் ஐரோப்பா போய், முன்னே சொன்ன மியூசியங்களைப் பார்த்தார். திரும்பி வந்து, 1915 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டு, இரண்டாம் யுத்தத்தில் ராணுவ வண்டிகளை நிறுத்திவைக்கப் பயன்பட்ட ஒரு பெரிய கொட்டகையில் தன் மியூசியத்தைத் தொடங்கினார். 1985-ல் சாகும்வரை அதுதான் அவர் வேலை. 2013-ல் அது துறைமுகத் தளம் ஒன்றுக்கு இடம் மாறி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

3

இதை ஒரு பிராயச்சித்தக் கதையாகச் சொல்லிவிடலாம். குண்டு செய்தவன் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்தான். கண்ணீர் வரவழைக்கக்கூடிய கதை. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழந்தைகளுக்கு அவர் கொடுத்தது எதை? கையால் செய்து பார்க்கிற, 'இப்படி மாற்றினால் என்னவாகும்' என்று கேட்கிற, பதில் வரும்போது துள்ளுகிற அந்தச் சந்தோஷத்தைத்தான். லாஸ் அலமாஸிலும் இதே சந்தோஷம்தான் இருந்தது. நுட்பரீதியில் தித்திப்பான ஒன்றைக் காணும்போது மேலே போய் அதைச் செய்துவிடுகிறோம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற வாதம் பிறகுதான் வருகிறது என்ற பொருளில் அண்ணன் ராபர்ட் 1954 விசாரணையில் சொன்னார். தித்திப்பு என்பதுதான் அங்கே முக்கியமான சொல். தித்திப்புக்குள் 'போதும்' என்ற குரல் கிடையாது. எக்ஸ்ப்ளோரடோரியத்துக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில், 1952-லிருந்து, லிவர்மோர் அணு ஆயுத ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. மியூசியத்தில் லென்ஸைத் திருப்பித் திருப்பி விளையாடிய ஒரு பெண்குழந்தை வளர்ந்து அங்கே வேலைக்குப் போவதைத் தடுக்கும் எதுவும் அந்த விளையாட்டுக்குள் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. லாஸ் அலமாஸின் பாவம் விளையாட்டு அல்ல, மூடிய கதவு என்று சொல்லலாம். ஒரு பிரிவில் இருப்பவனுக்கு அடுத்த பிரிவில் நடப்பது தெரியக்கூடாது என்பதுதான் ராணுவம் விதிக்க விரும்பிய ஒழுங்கு. நாட்டு மக்களுக்கு எதுவும் தெரியாது. அறிவு சிலரிடம் தங்கிப்போனதுதான் விபரீதம். ஆகவே எல்லோர் கையிலும் அதைக் கொடு. ஓப்பன்ஹைமர் இப்படித்தான் நம்பினார் என்று அவருடைய செயல்களிலிருந்து எனக்குப் படுகிறது. தம்மால் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று ஜனங்கள் கைவிட்டுவிட்டால், புரிந்தவர்களாகச் சொல்லிக்கொள்கிறவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மியூசியத்தில் யாரும் ஃபெயிலாவதில்லை என்று அவர் சொல்வது வழக்கம். சாமான்கள் செய்கிற பட்டறையையே பார்வையாளர் கண்முன்னால் திறந்து வைத்திருந்தார். விளக்கம் சொல்ல நிபுணர்களை வைக்காமல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்தார். காட்சிப்பொருட்களைச் செய்யும் முறையைச் 'சமையல் புத்தகம்' என்ற பெயரில் 1975-லிருந்து வெளியிட்டார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

இது பெரிய விஷயம்தான். ஆனாலும் இது எனக்குப் பாதி பதிலாகவே தெரிகிறது. தெரிவது வேறு, தெரிந்ததன்படி கை நகர்வது வேறு. இதை எனக்கு உணர்த்தியது அந்த மியூசியத்திலேயே இருக்கிற ஒரு காட்சிப்பொருள். உபயோகிக்கப்படாத புதிய கழிப்பறைப் பீங்கான் ஒன்றைக் குடிநீர்க் குழாயாக மாற்றி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சுத்தமானது. பீங்கான் ஒரு நாளும் கழிப்பறையில் இருந்ததில்லை. இது வருகிறவனுக்கும் தெரியும். குனிந்து வாயை வைக்கப் போகும்போது உடம்பு பின்வாங்குகிறது. அறிவு ஒரு பக்கம் நிற்கிறது, தொண்டை ஒரு பக்கம் நிற்கிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவன் இந்தக் குழாயின் முன்னால் வெறுமனே சிரித்துவிட்டு நகர முடியாது. என் பாட்டி வீட்டில், வயல்வேலைக்கு வருகிறவர்களுக்கென்று கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு தனி டம்ளர் செருகியிருக்கும். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி வைக்க வேண்டும். எங்கள் உறவினர் ஒருவர் பள்ளியில் விஞ்ஞானம் கற்றுக்கொடுத்தவர். கிருமிக்கு ஜாதி தெரியாது என்று வகுப்பில் சொல்லக்கூடியவர், சொல்லியும் இருக்கிறார். அந்த டம்ளரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவர் கைதான் நகரவில்லை.

ஒப்புமையை இங்கேயே நிறுத்த வேண்டும். பீங்கான் குழாயிலிருந்து நான் பின்வாங்கினால் தண்ணீருக்கு ஒன்றும் ஆவதில்லை. என் தயக்கம் எனக்குள் நடக்கிற வேடிக்கை. டம்ளரிலிருந்து அவர் பின்வாங்கியபோது, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மனிதன் இருந்தான். தொடாமல் இருந்தவருக்கு அதில் நஷ்டமில்லை. தொடப்படாதவன் பட்டான். குண்டின் விஷயத்தில் தொட்டவர்களும் பட்டவர்களும் வேறுவேறு ஆட்கள். இங்கே தொடாதவரும் பட்டவனும் வேறுவேறு ஆட்கள். இரண்டிலும் அறிவு முழுக்க ஒரு பக்கத்திலேயே இருந்தது. அது எதையும் தடுக்கவில்லை.

4

அப்படியானால் அந்த மியூசியம் வீண் என்று சொல்கிறேனா? இல்லை. அங்கே நடக்கிற இரண்டு காரியங்கள் என்னை அப்படிச் சொல்லவிடாமல் தடுக்கின்றன.

ஒன்று மாட்டுக்கண். கறிக்காக வெட்டப்பட்ட மாட்டின் கண்ணை மேஜைமேல் வைத்து, மாணவ விளக்குநர்கள் பார்வையாளர் முன்னால் அறுத்துக் காட்டுகிறார்கள். சுற்றியிருக்கும் கொழுப்பை நீக்கி, வெளித்தோலைக் கத்தரித்தால் உள்ளிருக்கும் நீர் வழிகிறது. கோலிக்குண்டு போல லென்ஸ் வெளியே வருகிறது. செய்தித்தாள்மேல் அதை வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரிகிறது. உள்ளே பின்சுவரில் நீலமும் பச்சையுமாக மினுங்குகிற ஒரு படலம். ராத்திரியில் மாட்டின் கண் பளிச்சென்று தெரிவது அதனால்தான். விழித்திரை மெல்லிய தோலாகச் சுருண்டு ஒரே ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் புள்ளியில் பார்வை கிடையாது. நமக்கும் இருக்கிறது அந்தக் குருட்டுப் புள்ளி. இருப்பது நமக்குத் தெரிவதில்லை, மூளை அந்த ஓட்டையை மூடிவிடுகிறது.

சுற்றி நிற்கிற குழந்தைகளில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்ற எல்லாக் காட்சிப்பொருளும் குழந்தைக்காகச் செய்யப்பட்டவை. இது குழந்தைக்காகச் செய்யப்பட்டதல்ல. இது ஒரு பிராணியினுடையது. அந்தப் பிராணிக்கு ஒன்று பட்டிருக்கிறது. தொடுவதற்கு மட்டுமான இடத்தில், பட்டதன் சாட்சி ஒன்று மேஜைமேல் வந்து அமர்ந்துவிடுகிறது. ஒளியியல் பாடத்துக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்றாலும், முகத்தைத் திருப்பிக்கொள்கிற குழந்தை அந்தப் பாடத்துக்கு வெளியே எதையோ கற்றுக்கொண்டுதான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அறிவதற்கு முன்னால் ஏதோ ஒன்று விலை கொடுத்திருக்கிறது என்பது அது.

இரண்டாவது, ஏமாறுதல். ஓப்பன்ஹைமர் தன் மியூசியத்தின் மையமாக அணுவையோ ராக்கெட்டையோ வைக்கவில்லை. மனிதப் புலன்களை வைத்தார். கண் எப்படிப் பார்க்கிறது, காது எப்படிக் கேட்கிறது, தோல் எப்படி உணர்கிறது, இவை எங்கே எங்கே தவறிவிடுகின்றன என்பதே பல காட்சிகளுக்கு விஷயம். அமெரிக்கரான அடெல்பர்ட் ஏம்ஸ் வடிவமைத்த கோணல் அறை இவ்வகையில் பிரசித்தமானது. ஒற்றைத் துவாரம் வழியாக ஒரு கண்ணால் பார்த்தால் சாதாரணச் சதுர அறை. ஒரு மூலையில் நிற்கிறவன் குள்ளனாகவும் மறு மூலையில் நிற்கிறவன் ராட்சசனாகவும் தெரிவார்கள். இருவரும் இடம் மாறினால் நம் கண் முன்னாலேயே ஒருவன் வளர்வான், ஒருவன் சுருங்குவான். உண்மையில் ஒரு மூலை மற்றதைப் போல இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது, தரை சாய்வு, சுவரும் ஜன்னலும் கோணல். இது தெரிந்த பிறகும், மறுபடி துவாரத்தில் கண்ணை வைத்தால் அறை சதுரமாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டதால் கண் திருந்திவிடுவதில்லை.

ஒரு மியூசியம் தன் பார்வையாளனைப் படவைக்க முடிகிற ஒரே இடம் இதுதான். தழும்பு விழாது, ஆனால் 'என் கண்ணால் பார்த்தேன்' என்கிற கர்வத்தில் ஒரு கீறல் விழுகிறது. ஏமாந்ததற்குத் தண்டனை இல்லை. மார்க் குறையாது, யாரும் திட்டுவதில்லை, கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியதில்லை. ஏமாந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எப்படி ஏமாந்தோம் என்று பார்த்துக்கொள்ளலாம். ஜாலக்காரனும் ஏமாற்றுகிறான், அவன் பின்பக்கத்தைக் காட்டமாட்டான். ஏமாற்றிவிட்டுப் பின்பக்கத்தையும் காட்டுவது என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தார்மீக மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். 1947-ல் ஊருக்கு ஒரு முகப்பை மட்டும் காட்டி நின்ற மனிதர், இரண்டு வருஷம் கழித்து முகப்பை நீக்கிவிட்டு, அதற்கான விலையைப் பத்து வருஷம் கொடுத்தவர், இப்படி ஒரு இடத்தைச் செய்தார். இந்த இரண்டையும் நான்தான் இணைக்கிறேன். அவர் இணைத்ததாக எங்கும் நான் படிக்கவில்லை.

இதனால் உலகம் நல்லதாகிவிடும் என்றா சொல்கிறேன்? தன் கண் பொய் சொல்லும் என்று ஒன்பது வயதில் ஒருமுறை அறிந்தவன், நாற்பது வயதில் ஒரு மனிதனைக் குள்ளமாகப் பார்க்கும்போது, குறை அவனிடமா அறையிடமா என்று கேட்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கேட்பதற்கு ஒரு வழி அவனுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவே. பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தை நான் பல வருஷம் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் தாழ்ந்து நின்றார்கள், நாங்கள் உயர்ந்து நின்றோம், தரை சமமாகத் தெரிந்தது.

5

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இருநூறு முந்நூறு பேருக்கு விஞ்ஞான மையத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். நம் வட்டத்தில் 'அனுபவம்' என்ற சொல் எவ்வளவு புழங்குகிறது என்று யோசிக்கிறேன். ஒரு கவிதையை நிராகரிக்க வேண்டுமென்றால் அதில் அனுபவம் இல்லை என்கிறோம். ஏற்க வேண்டுமென்றால் அனுபவத்தின் உண்மை இருக்கிறது என்கிறோம். நானே பல மதிப்புரைகளில் இந்தச் சொல்லை முத்திரைபோலக் குத்தியிருக்கிறேன். ஆனால் நாம் சொல்வது தொட்ட அனுபவமா, பட்ட அனுபவமா? பிறர் பட்டதை மழுங்கிய முனையோடு எடுத்துவைத்து, வாசகனின் மயிர்க்கால்களை ஒரு நிமிஷம் நிற்கவைத்து, ஷாக் அடிக்காமல் இறக்கி அனுப்புகிற எழுத்து நம்மிடம் ஏராளம். ஜனரஞ்சகப் பத்திரிகைகளைச் சொல்லவில்லை. அவற்றைத் திட்டுவதில் நாம் போதுமான அளவு சுகம் கண்டாயிற்று. நம்முடைய பக்கங்களைத்தான் சொல்கிறேன்.

எழுத்தும் வாசகனைச் சுட முடியாது. அதுவும் ஒருவிதக் காட்சிசாலைதான். அது செய்யக்கூடியது, பட்டது யாருக்கு என்பதை மறைக்காமல் மேஜைமேல் வைப்பது. வாசகனை அவன் கண்ணிடமே தோற்கவைத்து, பிறகு அறையின் பின்பக்கத்தைத் திறந்துவிடுவது. இதைச் செய்யாத எழுத்து எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஜாலம்தான். விமர்சனம் என்பதும் அந்தப் பின்கதவைத் தேடுகிற வேலைதான். நம்மில் பலர் துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்தக் கண்ணை வைக்க வேண்டும் என்று வாசகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அந்த விஞ்ஞான மையத்திலும் ஒரு கோணல் அறை இருந்தது. பையன் துவாரத்தில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். உள்ளே நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் பெரிதாகிக்கொண்டே போனாள். அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் அடுத்த பலகையைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் காணாமல் போய்விட்டான். அறையின் பின்புறத்தை ப்ளைவுட் வைத்து அடைத்திருந்தார்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்னப் பையன் நுழையத்தக்க இடைவெளி. காவலாளி பார்த்துவிட்டு, "டேய் தம்பி, அங்கெல்லாம் போகக்கூடாது, வெளிய வா" என்று சத்தம் போட்டார். சட்டையெல்லாம் ஒட்டடையோடு வந்து நின்றான். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"என்னடா பார்த்தே?"

"ஒண்ணுமில்ல மாமா. தரைதான் சாஞ்சிருக்கு."

பிறகு கொஞ்ச தூரம் நடந்ததும், "அந்த அக்கா பெரிசா ஆகவே இல்ல. நாமதான் அப்படி நின்னோம்" என்றான். வெளியே வந்து பஸ் ஏறும்வரை சட்டையிலிருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டே வந்தான்.